படகின் விளிம்பில் நான்கு பற்கள்

படகின் விளிம்பில் அந்தப் பல் தடங்களை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஏன் படகைப் பற்றிக் கவலை வந்தது? குழந்தையைப் பற்றி ஏன் வரவில்லை?

நான்கு வருஷம் ஆகப் போகிறது. இதற்கு இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். குழந்தை தும்மினால் ஜன்னலைச் சாத்துவேன். சாத்திய பிறகு காற்றில்லாமல் மூச்சு முட்டுமோ என்று மறுபடி திறப்பேன். அப்படிப்பட்டவளுக்கு அன்று வர வேண்டிய பயம் வராமல், வேறு ஒரு பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

படகு எங்களுடையது அல்ல. என் கணவர் மைசூரில் ஒரு கல்லூரியில் செடி கொடிகள், பூச்சிகள் பற்றிய பாடம் நடத்துகிறார். மாணவர்களை ஏரிக்கு அழைத்துப் போய் நீர்ப்பாசியும் பூச்சிகளும் சேகரிக்கச் சொல்லுவார். அதற்காகக் கல்லூரி ஒரு சின்ன மரப் படகு வைத்திருந்தது. எட்டடி நீளம், தட்டையான அடி, குறுக்கே உட்கார ஒரு பலகை. உடம்பு முழுவதும் வெள்ளை; வெளிப்பக்கம் மட்டும் விளிம்புக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு. ஏரிக்கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் அது இருந்தது. அந்த வருஷம் ஆடி மழையில் கொட்டகையின் கூரை சரிந்துவிட்டது. மராமத்து ஆகும் வரை படகைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னாராம். "எங்க ஆத்துல இடம் இருக்கு" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இடம் இருந்தது உண்மைதான். எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடுவே நீளமாக ஒரு தாழ்வாரம் உண்டு. கட்டை வண்டியில் வந்த படகை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, அங்கே இரண்டு கட்டைகளின் மேல் வைத்தார்கள். கூடவே மூன்று டப்பாக்களும் வந்தன. ஒன்றில் முதல் பூச்சுக்கான சிவப்பு, மற்றதில் வெள்ளை, சின்னதில் பச்சை. ஒரு புட்டி ஆளிவிதை எண்ணெய், ஒரு புட்டி டர்பன்டைன். துறைத் தலைவர் கைப்பட எழுதிய சீட்டும் இருந்தது: மரம் காயாமல் ஈரச் சாக்குப் போட வேண்டும், பூச்சு எங்கே உரிந்தாலும் உடனே சரிசெய்ய வேண்டும், அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பார்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். கணவர், நான், ஒன்பது மாதத்துக் குழந்தை, என் கணவரின் அக்கா. அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. சின்ன வயசிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படகு உள்ளே வந்ததும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏண்டா, காவேரி நம்மாத்துப் பின்கட்டு வழியா வரப்போறாளா என்ன?"

"ரெண்டு மாசந்தான் அக்கா."

"நீ சொல்ற ரெண்டு மாசம் எனக்குத் தெரியும். போன தடவை ஒரு பல்லி செத்துப்போனதைப் புட்டியில போட்டு ரெண்டு நாள்னு வெச்சே. அது இன்னும் பூஜை ரூம் ஜன்னல்லேருந்து என்னைப் பார்த்துண்டிருக்கு."

முதல் தடவை உரிந்த இடத்தை என் கணவர்தான் சரிசெய்தார். வெள்ளை வழிந்து பச்சைக் கோட்டின் மேல் மூன்று கண்ணீர்த் துளி மாதிரி நின்றது. நான் சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். பிரஷ்ஷை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆயிற்று.

அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். உரிந்து நிற்கும் ஓரங்களைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்ட வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, பழைய பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் தடவினால் மேடு பள்ளம் தெரியாதபடி செய்ய வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் மக்கு வைத்து நிரப்ப வேண்டும். அதன் மேல் சிவப்பு. அது காய்ந்ததும் வெள்ளை. ஆனால் டப்பாவில் இருக்கும் வெள்ளையை அப்படியே பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். படகின் வெள்ளை வெயிலிலும் தண்ணீரிலும் பழுத்துப்போன வெள்ளை. அதனால் விளக்குக் கரியைக் கடுகளவு எடுத்து எண்ணெயில் குழைத்துச் சேர்ப்பேன். நடுவில் கொஞ்சம் கனமாக வைத்து, ஓரத்துக்கு வரவர பிரஷ்ஷை லேசாக்கி வெளிப்பக்கமாக இழுத்துவிடுவேன். காய்ந்த பிறகு எந்த இடத்தில் பூசினேன் என்று எனக்கே தேட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவேன். வாசனை அவனுக்கு ஆகாதோ என்று அவ்வளவு ஜாக்கிரதை.

குழந்தையைப் படகில் முதலில் விட்டது யார் என்று கேட்டால், என் கணவர்தான். ஆனால் அதை வழக்கமாக்கினது நான்.

எங்கள் வீட்டில் மடி உண்டு. காலையில் குளித்து, தனியாக உலர்த்திய புடவை கட்டிக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை பண்ணி அமுது செய்விக்கும் வரை மடியில்லாத விழுப்புத் துணி எதுவும் மேலே படக்கூடாது. அடுக்களை என்னுடையது, பெருமாள் திருவாராதனத்துக்கு எடுத்து வைப்பது அக்காவினுடையது. ஆகவே காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை எங்கள் இருவராலும் குழந்தையைத் தொட முடியாது. அவன் அப்போதுதான் தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். அடுக்களை வாசற்படிக்கு வந்துவிடுவான். என் முந்தானையைப் பிடிக்கக் கை நீட்டுவான். நான் பின்னால் பின்னால் நகர்ந்து அடுப்பண்டை போய்விடுவேன். அவன் படியைத் தாண்டி நெருப்புப் பக்கம் வந்துவிடுவானோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சமைத்த நாட்கள் அவை.

அக்கா ஒரு வழி சொன்னார். "சட்டையைக் கழட்டிட்டுத் தூக்கிக்கோயேன்டி. பச்சைக் குழந்தை அம்மணமா இருந்தா மடிக்குத் தோஷம் கெடையாது. எங்காத்துல நாங்கள்ளாம் அப்படித்தான் வளர்ந்தோம்."

"குளிருமே அக்கா. நேத்திக்கே மூக்கு ஒழுகித்து."

"மைசூர்க் குளிர்ல ஒறைஞ்சு போறானா? காரணமில்லாம சும்னே பயப்படறே நீ."

ஆடி, ஆவணியில் எங்கள் ஊரில் விடியற்காலைச் சாரல் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்குச் சளி என்றால் பயம். என் தம்பி ஒருவன் கைக்குழந்தையாக இருந்தபோது மார்ச்சளியில் போனவன். நான் சட்டையைக் கழற்றவில்லை. கம்பளிக் குல்லாயையும் சேர்த்துப் போட்டேன்.

ஒரு நாள் காலை அவன் படியைத் தாண்டிவிட்டான். நான் கத்தினேன். என் கணவர் சந்தியாவந்தனத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அவனை அலாக்காகத் தூக்கி, பழைய மெத்தைத் துண்டு ஒன்றைப் படகுக்குள் போட்டு, அதில் விட்டார். படகின் பக்கங்கள் அவன் மார்பு உயரம். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தான். அங்கிருந்து அவனுக்கு அடுக்களைக்குள் நான் தெரிவேன். எனக்கு அவன் தெரிவான்.

"பாரு, கேப்டன் சாஹேப் வந்துட்டார்" என்றார் அவர். "இனிமே நெருப்புப் பயமும் இல்லை, மடிப் பயமும் இல்லை."

"என் பாக்கியம், அந்தப் பல்லியோட புட்டிக்குள்ள போடாம விட்டியே" என்றார் அக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் காலைக்குப் பிறகு தினமும் மூன்று மணி நேரம் அவன் படகில் இருந்தான். நான் நிம்மதியாகச் சமைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் நிம்மதியாகச் சமைத்த மாதங்கள் அவைதான்.

பல் தடங்களைப் பார்த்தது ஆவணி கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். விளிம்பின் மேல்பக்கம் இரண்டு சின்னக் குழி, உட்பக்கம் இரண்டு. சுற்றிலும் வெள்ளை நொறுங்கி, கீழே இருந்த சிவப்பும் அதற்கும் கீழே மரமும் தெரிந்தன. அவனுக்கு அப்போது மேலே இரண்டு, கீழே இரண்டு பல். ஈறு தினவெடுக்கும் சமயம். கையில் எது கிடைத்தாலும் கடிப்பான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துறைத் தலைவர் வரலாம். அதுதான் என் மனசில் முதலில் வந்தது. 'கல்லூரிச் சொத்தைக் குழந்தைக்குத் தொட்டிலாக்கிவிட்டார்' என்று என் கணவரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அவருக்கு வேலை நிரந்தரம் ஆகாத வருஷம் அது. அவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையைப் படகில் விட வேண்டாம் என்பார். பிறகு காலையில் அவனை எங்கே விடுவது? உதிர்ந்த செதில்களைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு, தேய்த்து, மக்கு வைத்து, சிவப்பும் வெள்ளையும் பூசினேன். வழக்கமாக இரண்டு பூச்சுக்கு நடுவே ஒரு நாள் விடுவேன். அன்று விடவில்லை. துறைத் தலைவர் வந்து, படகைச் சுற்றிப் பார்த்து, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பூச்சின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று குழந்தையை உள்ளே விட்டேன்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, இருபது நாளுக்கு ஒரு தடவை, அவன் கடிப்பதும் நான் பூசுவதுமாக இருந்தது. அவன் எப்போதும் அதே இடத்தில்தான் கடித்தான், அடுக்களை தெரிகிற இடத்தில். விளிம்பில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். சாரலில் அது நனைந்து நாறியதால் எடுத்துவிட்டேன். கடிக்க மரக் கிலுகிலுப்பை கொடுத்தேன். அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு விளிம்புக்கே திரும்பினான். அந்த வெள்ளைக்குத் தித்திப்பு உண்டு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது, முந்தானையால் துடைத்துவிட்டேன். பால் என்று நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா?

ஐப்பசியில் அவனுக்கு வருஷம் நிறைந்தது. அன்று மூன்று வார்த்தை சொல்லுவான். "அத்தை" என்பான். தண்ணீருக்குத் "தூத்து". என்னை "மா". அக்கா வந்தவர்களிடமெல்லாம், "மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டான், அப்புறந்தான் பெத்தவளை" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மார்கழியில் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் சாப்பாடு. பிறகு நாலு நாள், ஐந்து நாள் வயிறு போகாமல் முனகுவான். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வீறிடுவான். முகம் வெளுத்து, காது மடல் மெழுகு மாதிரி ஆயிற்று. நடக்க ஆரம்பித்திருந்தவன் மறுபடி உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள் அக்கா அவன் முன்னால் மண்டியிட்டு, "அத்தை சொல்லு, அத்தை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். பத்து நாளாக அவன் எந்த வார்த்தையும் சொல்லவில்லை.

"கண்ணு பட்டுடுத்து" என்றார் அக்கா. "நான்தான் ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன்." உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். வசம்பு உரைத்துக் கொடுத்தார். கேட்காததால், தை மாதம் லேடி டாக்டரிடம் போனோம். என் கணவரும் கூட வந்தார்.

அந்த அம்மாள் மெட்ராஸ் பக்கத்துக்காரர். நிதானமாகப் பேசுவார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மண்ணு திங்கறானா? சுவத்துச் சுண்ணாம்பை நக்கறானா? வேற ஏதாவது வாயில போட்டுக்கற பழக்கம் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். "சான்ஸே இல்லை டாக்டர். இவள் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துப்பா. ஒரு எறும்பு அவன் கிட்ட வர முடியாது."

டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "அப்படியாம்மா?"

"ஆமாம்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. அவர் அப்படிப் பெருமையாகச் சொன்ன பிறகு, இல்லை, தினமும் மூன்று மணி நேரம் நான் பார்க்காமல் இருக்கிறேன், அவன் கடித்ததை உங்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றும் அப்போது முழுதாகத் தோன்றவில்லை. மரம் கடிக்கிறான், எல்லாக் குழந்தையும் கடிக்கும் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை நான் அவனை மறுபடியும் படகில் விட்டேன். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு நாள். பிறகு நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன்.

மாசி முடிகிற சமயம் ஏரிக் கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்று. திரும்ப எடுத்துப் போகுமுன் படகு முழுவதையும் சுரண்டிப் புதிதாக வர்ணம் பூச ஒரு பெயிண்டரை அனுப்பினார்கள். கொள்ளேகால் பக்கத்து மனிதர். கல்லூரியில் ஜன்னல், பெஞ்சு எல்லாவற்றுக்கும் அவர்தான் பூசுவாராம். தாழ்வாரத்தில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே வந்தவர், விளிம்பண்டை வந்ததும் நிறுத்தினார். நான் அடுக்களைப் படியில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்கம்மா, இங்க ஆரு பூசுனது? நம்ம தொழில்காரன் ஆராச்சும் வந்தானுங்களா?"

"நான்தான் பூசினேன்."

"அட! எத்தினி பூச்சு! எடுக்க எடுக்க வருதுங்க. மேல பாத்தா ஒண்ணுமே தெரியலீங்களே. கை சுத்தமுங்க உங்களுக்கு." இன்னும் கொஞ்சம் சுரண்டினார். மக்கு ஒரு சின்ன உருண்டையாகக் கழன்று விழுந்தது. "எலி கடிச்சிருக்குதுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"இது என்னாங்க எலி, மேல ரெண்டு பல்லு, கீழ ரெண்டு பல்லு..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார்.

"கொழந்தைங்களா?"

"ஆமாம்."

"எத்தினி நாளா?"

"ஆவணியிலிருந்து."

அவர் தன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் வேலைச் சட்டையோட எம்புள்ளைங்களைத் தொடறதில்லீங்க. எங்கய்யனும் இதே வேலைதானுங்க. கடைசில மணிக்கட்டு ரெண்டும் தொங்கிப் போச்சு, சோறு பெசைய முடியாது. வவுத்துல முறுக்கி முறுக்கி வலிக்கும். இந்தச் செவப்புலயும் வெள்ளையிலயும் காரீயம் இருக்குதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. பெரியவிங்களுக்கே அப்படீன்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "வெரசா டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. இங்க நின்னுட்டு இருக்காதீங்க. தூசி வேற பறக்குது."

ஜட்கா வண்டியைக் கூப்பிடச் சொல்லிக்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா ஏதோ கேட்டார். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். மூலை திரும்பினதும்தான் வண்டி கிடைத்தது.

லேடி டாக்டர் அவன் கீழுதட்டை விரலால் இறக்கி, வெளிச்சத்தில் பார்த்தார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மையால் கோடு இழுத்தாற்போல் நீலமாக இருந்தது. நான் தினமும் பல் தேய்த்துவிடும் வாய்தான் அது. நான் அதைப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கே நான் கேட்டேனேம்மா?"

"அவர் பக்கத்தில் இருந்தார்."

"கோபக்காரரா? அடிப்பாரா?"

"இல்லை. புகழ்ந்தார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகை விட்டு அவனை உடனே விலக்க வேண்டும், நிறையப் பால் கொடுக்க வேண்டும், மருந்து தருகிறேன், வயிற்று வலியும் வெளுப்பும் போய்விடும் என்றார்.

"பேச்சு?"

"பார்க்கணும்."

"நான் அன்றைக்கே சொல்லியிருந்தால்?"

"அதை என்கிட்டக் கேக்காதேம்மா" என்றார். "எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

என் கணவரிடம் இரண்டு நாள் கழித்து, படகை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு சொன்னேன். கல்லூரியிலிருந்து வந்து காலியான தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் விடாமல் சொன்னேன், கரி கலந்ததைக்கூட. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் சிறுத்துக்கொண்டே போயிற்று.

"எத்தனை தடவை பூசினே?"

"பதினோரு தடவை."

"பதினொண்ணு" என்றார். "நானும் தினம் அந்தப் பக்கமாத்தான் போய் வந்துண்டிருந்தேன். ஒரு தடவைகூட எனக்குத் தெரியலையே. அவ்வளவு நன்னாப் பண்ணியிருக்கே."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு வந்து, "அவனை உள்ளே தூக்கி விட்டவன் நான்" என்றார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொள்வதில்லை. மறுநாள் காலையிலிருந்து குழந்தையை அவர்தான் வைத்துக்கொண்டார். பெருமாள் தளிகை முடியும் வரை கூடத்தில் அவனை மடியில் போட்டுக்கொண்டு பாடக் குறிப்பு எழுதினார். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. முன்பே கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாரா? நான் கேட்கவேயில்லை.

அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தான் கண் பட வைத்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தப் பாரம் இறங்கும். ஆனால் மடியினால்தான் வந்தது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் அதைவிடப் பெரிய பாரம் ஏறும். சட்டையைக் கழற்று என்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் குழந்தை என் இடுப்பில் இருந்திருப்பான் என்பதையாவது சொல்லலாம். ஒவ்வொரு ஏகாதசிக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் அன்று பட்டினி. வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

வயிற்று வலி அந்தக் கோடையிலேயே நின்றுவிட்டது. நிறம் திரும்பியது. இரண்டே கால் வயசில் மறுபடி நடந்தான். இப்போது ஓடுகிறான், மாடிப்படி ஏறுகிறான், அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எறும்புகளின் பின்னால் போகிறான். நன்றாகச் சிரிக்கிறான். வார்த்தைகள்தான் குறைவு. போன மாதம் எண்ணினேன்: இருபத்தாறு. இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுவது அபூர்வம். பக்கத்து வீட்டுக்காரர்கள், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கேட்டுக் குழந்தை குழம்பிப் போயிருக்கிறான், தானாக வரும் என்கிறார்கள். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருப்பதால் அதை நம்பவும் பயமாக இருக்கிறது.

வருகிற ஐப்பசியில் அவனுக்கு ஐந்து நிறைகிறது. விஜயதசமிக்கு அக்ஷராப்பியாசம் பண்ணிவிட வேண்டும் என்று அக்கா சொல்லுகிறார். "தட்டுல அரிசியைப் பரப்பி விரலைப் பிடிச்சு எழுத வெச்சா நாக்குத் தானா திரும்பும்டி, சரஸ்வதி விட்டுடுவாளா?" என்கிறார். அதற்கு மறுநாளே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. லேடி டாக்டர், இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் நல்லது, மற்றக் குழந்தைகள் கேலி பண்ணினால் இருக்கிற பேச்சையும் நிறுத்திவிடுவான் என்கிறார். என் கணவர், "உனக்குத் தெரியும், நீயே சொல்லு" என்கிறார். எனக்குத் தெரியும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் டாக்டரிடம் நான் சொன்ன அந்த 'ஆமாம்' ஞாபகம் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள். பேச்சு வந்து நின்றுபோய், பிறகு தாமதமாக வந்த குழந்தை உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ உண்டா? எந்த வயசில் வந்தது? அந்தக் குழந்தையை மற்றவர்களோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்களா, வீட்டில் வைத்துக்கொண்டீர்களா? எது உதவிற்று? எது கெடுத்தது? எனக்கு ஆறுதலாக எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். இதை வெளியிடுகிறவர்களுக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்துவிடுவார்கள். விஜயதசமிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்; இந்தத் தடவை நானாக மட்டும் அதைத் தீர்மானிக்க விரும்பவில்லை.